ஒரே சட்டியில் சோசேஜும் ராஜ்மாவும்: ஆறு பேர் வயிறார ஒரு காசரோல்

காசரோல் (ஒரே சட்டியில் மெதுவாக வேகவைக்கும் குழம்பு) செய்யலாம் என்று நினைத்ததும் பலரும் முதலில் சோசேஜ் பாக்கெட்டைத்தான் எடுக்கிறார்கள். பயறு அப்புறம்தான் ஞாபகத்துக்கு வருகிறது, அதுவும் டின்னில். என்னைக் கேட்டால் வரிசையை மாற்றச் சொல்வேன். இந்தச் சட்டியில் வயிற்றை நிரப்புவது பயறு. சோசேஜ் இருப்பது மணத்துக்கும் பிள்ளைகளின் ஆசைக்கும். பயறைப் பதமாக வேகவைக்கத் தெரிந்துவிட்டால் ஒரே பாக்கெட் சோசேஜை வைத்து ஆறு பேருக்குத் தாராளமாகப் பரிமாறலாம்.

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) மாதிரி செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய ஊர்களில் ஒரு வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்காருவது அபூர்வம். ஒருவர் விடியும் முன்பே பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு) போவார், இன்னொருவர் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடிந்து காலையில் வீடு திரும்புவார், பிள்ளைகள் பள்ளி விட்டதும் பசியோடு வருவார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது உண்மைதான். ஆனாலும் மாதக் கடைசி வாரத்தில் கையில் நிற்கும் காசு எவ்வளவு என்பது வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். ஒரு முறை செய்து வைத்து, வருகிறவர் வரும்போது சூடாக்கிக்கொள்ளும் சாப்பாடுதான் இங்கே உதவும். காசரோல் அந்த வகை. ஆறிச் சூடாக்கும்போது அதன் ருசி கூடத்தான் செய்யும்.

இதன் பூர்வீகம் ஐரோப்பா. பிரான்சின் தெற்கில் காஸ்டல்நாடரி, துலூஸ் பக்கம் வெள்ளைப் பயறோடு சோசேஜும் வாத்து இறைச்சியும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைக்கும் காசுலே என்ற சமையல் பேர்போனது. இங்கிலாந்து வீடுகளில் அதே போன்ற ஒன்றைத் தக்காளிச் சாறும் டின் பீன்ஸும் சேர்த்து வார நாள் இரவுச் சாப்பாடாகச் செய்வார்கள். நாம் செய்யப்போவது இங்கிலாந்து முறையை ஒட்டியது. பொருள் மட்டும் நம் ஊர்க் கடையில் கிடைப்பது.

எந்தப் பயறு வாங்குவது

பெரிய சிவப்பு ராஜ்மாதான் என் தேர்வு. தோல் கெட்டியாக இருப்பதால் நீண்ட நேரம் கொதித்தாலும் உருக்குலையாது, உள்ளே மாவாக வெந்துவிடும். வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கடையில் ‘காச்சாங் மேரா’ (மலாயில் சிவப்புப் பயறு) என்று மட்டும் கேட்டால், இனிப்புக் கஞ்சிக்குப் போடும் சின்னச் சிவப்புப் பயறை அள்ளிக் கொடுத்துவிடலாம். “அண்ணே, பெரிய பயறு, கிட்னி வடிவத்தில இருக்குமே, அது” என்று சொல்லிக் கேளுங்கள். பயறு பளபளவென்று, சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும். நிறம் மங்கி, தோலில் கோடு விழுந்திருந்தால் அது பழைய சரக்கு. எத்தனை விசில் விட்டாலும் நடுவில் கல்லாகவே நிற்கும். ஆகவே சரக்கு சீக்கிரம் விற்றுப் புதிது வந்துகொண்டிருக்கும் கடையில் வாங்குவது நல்லது.

ராஜ்மா கிடைக்காவிட்டால் தட்டைப்பயறு போடலாம். அது சீக்கிரம் வேகும், கேஸும் மிச்சம், ஆனால் குழம்பு கொஞ்சம் மண்வாசனையோடு இருக்கும். கொண்டைக்கடலை போட்டாலும் கெட்டுப்போகாது. வெள்ளை பீன்ஸ் கண்ணில் பட்டால் விடாதீர்கள். டின்னில் வரும் பேக்ட் பீன்ஸ் அதே இனம்தான்.

டின்னா, காய்ந்த பயறா? 250 கிராம் காய்ந்த ராஜ்மா ஊறி வெந்தால் ஏறக்குறைய 600 கிராம் வரும். 400 கிராம் டின் ஒன்றில் தண்ணீரை வடித்தால் 240 கிராம் பயறுதான் மிஞ்சும். அதாவது இரண்டரை டின் வாங்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பொட்டலம் போதும். ஆனால் டின்னை முழுக்க ஒதுக்கவும் நான் சொல்லவில்லை. காய்ந்த பயறை அடிப்படையாக வைத்துக்கொண்டு, தக்காளிச் சாற்றில் ஊறிய பேக்ட் பீன்ஸ் சின்ன டின் ஒன்றைக் கடைசியில் சேர்த்தால், பிள்ளைகளுக்குப் பழகிய அந்த இனிப்பும் வழுவழுப்பும் மொத்தச் சட்டிக்கும் வந்துவிடும். தக்காளி விலை ஏறியிருக்கும் வாரத்தில் இது இன்னும் கைகொடுக்கும்.

சோசேஜ் வாங்கும்போது

இங்கிலாந்துக் குறிப்புகளில் வருவது பச்சை இறைச்சியை அடைத்த சோசேஜ். நம் கடைகளின் உறைபெட்டியில் கிடைக்கும் கோழி சோசேஜ் பெரும்பாலும் ஏற்கெனவே வெந்தது. இந்த ஒரு வித்தியாசத்தால் சமைக்கும் முறையே மாறுகிறது. பச்சை சோசேஜை ஆரம்பத்திலேயே போட்டு நன்றாக வேகவிட வேண்டும். வெந்த சோசேஜை அப்படிக் கொதிக்கவிட்டால் தண்ணீரைக் குடித்து ஊதி, தோல் வெடித்து, சக்கையாகிவிடும். ஆகவே நாம் அதை வறுத்துத் தனியே வைத்துக் கடைசியில் சேர்க்கிறோம்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். உள்ளடக்கப் பட்டியலில் எது அதிக எடையோ அது முதலில் இருக்கும். கோழி இறைச்சி முதலிலும், மாவும் சோயாப் புரதமும் பின்னாலும் இருந்தால் சரி. நம்மில் பலர் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. கோழி சோசேஜ் என்று முன்னால் எழுதியிருந்தாலும் ‘லெம்பு’ (மலாயில் மாடு) என்ற சொல் பின்னால் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மாட்டுக் கொழுப்போ மாட்டிலிருந்து எடுத்த உறையோ சேர்ந்திருந்தால் அதை அட்டையில் குறிப்பிட வேண்டும் என்பது நாட்டின் உணவு விதி. சில மலிவு வகைகளில் சோசேஜைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் உறை இருக்கும். நகத்தால் ஒரு முனையைக் கீறி இழுத்தால் நீளமாக உரிந்து வரும். உரிக்காமல் வாணலியில் போட்டுவிடாதீர்கள்.

ஒரு பாக்கெட்டுக்கு மேல் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காசு மட்டும் காரணமில்லை. பதப்படுத்திய இறைச்சியை அதிகம் சாப்பிடுவது பெருங்குடல் புற்றுநோய்க்கு வழிவிடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015இல் அறிவித்தது. உப்பும் அதில் அதிகம். பயறோ மெதுவாகச் செரிப்பது, இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது. மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று 2023இன் தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. நம் இனத்தில் அந்தப் பங்கு இன்னும் கூடுதல் என்பதை ஒவ்வொரு வீட்டு மருந்துப் பெட்டியும் சொல்லும். சட்டியில் பயறு கூடி சோசேஜ் குறைந்தால் வீட்டில் எல்லாருக்கும் நல்லது.

மற்ற பொருட்கள்

ஆறு பேருக்கு: ராஜ்மா 250 கிராம், கோழி சோசேஜ் ஒரு பாக்கெட் (300 முதல் 340 கிராம்), பெரிய வெங்காயம் 2, பூண்டு 6 பல், கேரட் 2, உருளைக்கிழங்கு 2, நன்றாகப் பழுத்த தக்காளி 4. பேக்ட் பீன்ஸ் சின்ன டின் சேர்ப்பதாக இருந்தால் தக்காளி 2 போதும்.

சுவைக்கு: எண்ணெய் 3 மேசைக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி, பிரிஞ்சி இலை 1, சில்லி போ (அரைத்த மிளகாய் விழுது) 1 மேசைக்கரண்டி, கெட்டிக் கிச்சாப் (சோயா சாஸ்) 1 தேக்கரண்டி, சீவிய குலா மலாக்கா (தென்னை வெல்லம்) 1 தேக்கரண்டி, மிளகுத்தூள், உப்பு, கடைசியில் தூவ ஒரு கைப்பிடி சூப் இலை (சீன செலரி).

வெளிநாட்டுக் குறிப்புகளில் வூஸ்டர் சாஸ், புகைபோட்ட மிளகாய்த்தூள், தைம் இலை என்றெல்லாம் வரும். அவற்றைத் தேடி கிள்ளான் வரை பேருந்து ஏற வேண்டாம். கெட்டிக் கிச்சாப்போடு சில சொட்டு புளிக்கரைசல் சேர்த்தால் வூஸ்டர் சாஸின் வேலை நடந்துவிடும். நிறத்தையும் உறைப்பையும் சில்லி போ பார்த்துக்கொள்ளும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதைப் பாதியாகக் குறையுங்கள்.

எங்கள் பக்கத்து விலையில் சோசேஜுக்கு 6 அல்லது 7 வெள்ளி, பயறுக்கு 2 வெள்ளிக்குச் சற்று மேல், காய்கறிக்கு 5 வெள்ளி, மீதி சில்லறை. 15 வெள்ளியை ஒட்டி முடியும். இரவுச் சந்தையில் கடை கட்டும் நேரத்தில் போனால் லேசாக நசுங்கிய கேமரன் மலைத் தக்காளியைக் குவியலாகப் போட்டு மலிவாகக் கொடுப்பார்கள். குழம்புக்கு அதுதான் வேண்டும்.

முதல் நாள் இரவு

பயறைக் கல் பார்த்துக் கழுவி, நாலு மடங்கு தண்ணீர் ஊற்றி, ஒரு தேக்கரண்டி உப்பு போட்டு ஊற வையுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறினால் தோல் சீராக மிருதுவாகும். எட்டு மணி நேரம் வேண்டும். நம் வெக்கையில் இரவு முழுக்க மேசையில் வைத்தால் சில நாள் நுரை கட்டிப் புளித்துப்போகும். குளிர்பெட்டியில் இடம் இருந்தால் அங்கே வையுங்கள். இல்லாவிட்டால் படுக்கப் போகும் முன் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். ஊறிய பயறு இரண்டு மடங்குக்கு மேல் பெருத்து, விரலால் அழுத்திப் பிளந்தால் உள்ளே ஒரே நிறமாக இருக்கும். நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும்.

பயறு வேகவைத்தல்

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். பச்சை ராஜ்மாவில் ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. அரைகுறையாக வெந்த பயறைக் கொஞ்சம் சாப்பிட்டாலே சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நன்றாகத் தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும். இளஞ்சூட்டில் வைத்தால் அழியாது, சில சமயம் நச்சு இன்னும் கூடவும் செய்யும். அதனால் மெதுவாகச் சமைக்கும் மின்சாரச் சட்டியில் பச்சை ராஜ்மாவை நேரே போடக் கூடாது. டின் பயறுக்கு இந்தக் கவலை இல்லை. அது ஏற்கெனவே வெந்தது.

செய்ய வேண்டியது எளிது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பயறை அலசிப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள், பயறுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கட்டும். மூடாமல் பெரிய தீயில் பத்து நிமிடம் முழுக் கொதியில் விடுங்கள், மேலே வரும் நுரையை அள்ளி எறியுங்கள். அப்புறம் குக்கரை மூடி ஐந்து அல்லது ஆறு விசில். ஆவி தானாக அடங்கட்டும். குக்கர் இல்லையென்றால் பத்து நிமிடக் கொதிக்குப் பிறகு தீயைக் குறைத்து, மூடி, ஒரு மணி நேரம் போல வேகவிடுங்கள். 14 கிலோ கேஸ் தோம்பு உதவி விலையில் 26 வெள்ளி 60 சென். குக்கரில் வைத்தால் ஒரு தோம்பு இன்னும் சில நாள் கூடுதலாக வரும்.

ஒரு பயறை எடுத்து நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையில் வைத்து அழுத்துங்கள். கடிக்காமலே மசிந்தால் பதம். கடித்துத்தான் உடைகிறது என்றால் இன்னும் இரண்டு விசில். இந்தக் கட்டத்தில் தக்காளியோ புளியோ ஒரு துளிகூடச் சேரக் கூடாது. புளிப்பு பட்டால் தோல் இறுகிப் பயறு வேகாமல் நின்றுவிடும். “எவ்வளவு நேரம் வைத்தும் பயறு வேகவில்லை” என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் தக்காளியோடு சேர்த்து வேக வைத்திருப்பார்கள்.

வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். சிவந்து கெட்டியாக இருக்கும் அதுதான் நமக்கு சூப். இரண்டு கப் எடுத்து வையுங்கள்.

சட்டியைக் கூட்டுதல்

அடி கனமான சட்டியோ குவாலியோ எடுத்துக்கொள்ளுங்கள். சோசேஜைச் சாய்வாக, ஒவ்வொன்றையும் நாலு துண்டாக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் வெட்டுவாய் பெரிதாகி நிறையச் சிவக்கும், தட்டிலும் அதிகமாகத் தெரியும். எண்ணெய் காய்ந்ததும் துண்டுகளைக் குவிக்காமல் பரப்பி, ஒரு பக்கம் நன்றாகச் சிவக்கும்வரை கிளறாமல் விடுங்கள். திருப்பி மறுபக்கமும் சிவந்ததும் எடுத்துத் தனியே வையுங்கள். சட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதைச் சுரண்டி எறிந்துவிடாதீர்கள், மொத்தக் குழம்பின் மணமும் அதில்தான் இருக்கிறது.

அதே எண்ணெயில் சோம்பும் பிரிஞ்சி இலையும் போட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தைச் சேருங்கள். வெங்காயம் விடும் ஈரத்தில் அடியில் ஒட்டியது கரைந்து வரும். மிதமான தீயில் பத்து நிமிடம், ஓரம் பொன்னிறமாகும்வரை வதக்குங்கள். பூண்டு, சில்லி போ சேர்த்து எண்ணெய் பிரியும்வரை வதக்கினால் பச்சை வாடை போகும். கேரட்டையும் உருளைக்கிழங்கையும் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிப் போட்டு ஐந்து நிமிடம் பிரட்டுங்கள். அப்புறம் தக்காளி. குழைந்து தொக்கு போல ஆனதும் வெந்த பயறு, எடுத்து வைத்த இரண்டு கப் சூப், கிச்சாப், குலா மலாக்கா எல்லாம் போகட்டும். உப்பு இப்போது வேண்டாம். சோசேஜிலும் கிச்சாப்பிலும் இருக்கிறது.

கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து 25 நிமிடம். இடையிடையே அடியைத் தொட்டுக் கிளறுங்கள், பயறுக் குழம்பு அடிபிடிக்கக்கூடியது. உருளைக்கிழங்கு வெந்ததும் ஒரு அகப்பைப் பயறை எடுத்து மசித்துத் திரும்பச் சட்டியில் கலந்துவிடுங்கள். மாவு கரைத்து ஊற்றாமலே குழம்பு கெட்டிப்படும். பேக்ட் பீன்ஸ் டின் இருந்தால் இப்போது சாற்றோடு சேருங்கள்.

வீட்டில் யாராவது சைவம் என்றால், வெள்ளிக்கிழமையோ புரட்டாசியோ, அவர்களுக்கு ஒரு சட்டி தனியாக எடுக்க வேண்டிய நேரம் இது. அதற்காக, அந்த நாட்களில் சோசேஜை வேறு வாணலியில் வறுத்துவிட்டு இந்தச் சட்டியைச் சுத்தமாகத் தொடங்குங்கள். சைவப் பங்குக்குச் சதுரமாக வெட்டிப் பொரித்த தெம்பே (நொதிக்கவைத்த சோயாக் கட்டி) அருமையாகப் பொருந்தும். விலையும் குறைவு.

மீதிச் சட்டியில் வறுத்த சோசேஜைப் போட்டுப் பத்து நிமிடம் மட்டும் கொதிக்கவிடுங்கள். பிறகு ருசி பாருங்கள். புளிப்பு பற்றவில்லை என்றால் ஒரு தேக்கரண்டி புளிக்கரைசல். உப்பு தேவையென்றால் மட்டும். மிளகும் சூப் இலையும் தூவி, அடுப்பை அணைத்து, மூடிக் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் குழம்பு பயறுக்குள் இறங்கும்.

ஓவன் இருக்கும் வீடுகளில் கடைசிப் பத்து நிமிடத்துக்குப் பதில், சூடு தாங்கும் பாத்திரத்துக்கு மாற்றி, மேலே பழைய ரொட்டியைத் தூளாக்கி எண்ணெயில் பிசறித் தூவி, 180 பாகை செல்சியஸில் 20 நிமிடம் வைக்கலாம். மேல்பகுதி மொறுமொறுவென்று வரும். அதற்காக ஓவன் வாங்க வேண்டியதில்லை, அடுப்பில் செய்தாலே குறை ஒன்றும் இல்லை.

எதோடு சாப்பிடுவது

பெங்காலி ரொட்டியைத் தடிமனாக வெட்டி, வாணலியில் காயவைத்துத் தொட்டுச் சாப்பிட்டால் இதற்கு ஈடில்லை. ரொட்டிக்காரர் வரும் நாளில் இந்தச் சமையலை வைத்துக்கொள்ளுங்கள். சோறு என்றால் குழம்பைச் சற்றுத் தளர்வாக விடுங்கள், ஒரு கப் சுடுதண்ணீர் சேர்த்தால் போதும். தோசையோடும் சரியாக இருக்கும்.

திடீரென்று விருந்தாளி வந்துவிட்டால் குழம்பு கொதிக்கும்போது கரண்டியால் குழி செய்து, ஆளுக்கு ஒரு முட்டையை உடைத்து ஊற்றி மூடுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் மஞ்சள் கருவும் வெந்துவிடும். முட்டைக்கு அரசாங்கம் கொடுத்த உதவித்தொகை 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இருந்தாலும் இன்னொரு பாக்கெட் சோசேஜைவிட முட்டை மலிவு, சத்தும் கூடுதல். ஒரு கட்டு சாவி கீரையை நறுக்கிப் போட்டாலும் அளவு பெருகும்.

மிச்சத்தை வைத்துக்கொள்வது

பயறுக் குழம்பு நம் சீதோஷ்ணத்தில் சீக்கிரம் ஊசிப்போகும். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போய்விட வேண்டும். பெரிய சட்டியோடு வைத்தால் நடுப்பகுதி ஆறவே நேரமாகும், ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து வையுங்கள். இரவு ஷிப்டுக்காரருக்கு ஒரு டப்பா, பிள்ளைகளுக்கு ஒன்று என்று பிரித்துவிட்டால் முழுச் சட்டியையும் திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டியதில்லை. மூன்று நாள் தாங்கும். சூடாக்கும்போது கால் கப் தண்ணீர் விட்டு, ஓரம் மட்டும் சுட்டால் போதாது, நடுவிலும் கொதி வர வேண்டும்.

உறைபெட்டி இருந்தால் இன்னொரு வசதி. பயறை அரைக் கிலோவாக ஊறவைத்து ஒரே தடவையில் வேகவைத்து, பாதியை அதன் தண்ணீரோடு டப்பாவில் உறையவிடுங்கள். அடுத்த முறை பயறு வேலை முடிந்தே இருக்கும், வெங்காயம் வதக்குவதிலிருந்து தொடங்கினால் போதும். உருளைக்கிழங்கு சேர்ந்த குழம்பை மட்டும் உறையவிடாதீர்கள். உருகும்போது கிழங்கு நீர்த்துப் பஞ்சாகிவிடும்.